ரத்தத்தில் ஆன்டிபாடி வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூன்று வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது பரவாயில்லை, அப்பாவோடு கடைக்குப் போய் உட்காருகிறான். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப் ஆள், "இது மனநோயாகவே இருக்காது. எதிர்ப்பு சக்தி மூளையைத் தாக்கியிருக்கும். ஆன்டிபாடி பேனல் எடுங்கள். பாசிட்டிவ் வந்தால் ஊசி போட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்கிறார். எடுக்கலாமா டாக்டர்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். தம்பி கடைக்குப் போய் உட்காருவதே அதனால்தான்.

லேப் ஆள் சொல்லும் நோய் கற்பனை இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மௌ குழுவினர் 2007-இல் அதை அடையாளம் கண்டார்கள். என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி என்று பெயர். நினைவுக்கும் சிந்தனைக்கும் வேண்டிய ஏற்பிகள் (ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. உடம்பு தவறுதலாக உண்டாக்கும் ஆன்டிபாடி அவற்றில் ஒட்டிக்கொள்ள, அவை அணுவுக்குள்ளே இழுக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைந்துபோகின்றன. கெட்டமின் என்ற மயக்க மருந்து அடைப்பதும் இதே ஏற்பியைத்தான். அதைக் கொடுத்தால் சிலருக்குக் கொஞ்ச நேரம் பிரமை வருகிறது. அதனால் ஆன்டிபாடியால் மனநோய் அறிகுறி வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அது வரும் விதமே வேறு. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. தலைவலி, லேசான காய்ச்சல் என்று ஆரம்பிக்கும். சில நாட்களில் தூக்கம் போகும், சந்தேகம், பயம், சம்பந்தமில்லாத பேச்சு. வீட்டில் பலர் மந்திரிக்கக் கூட்டிப் போவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த சில வாரங்களுக்குள் வலிப்பு வரும், பேச்சு குறையும், வாயும் நாக்கும் தானாக அசையும், கைகால் விறைத்துச் சிலைபோல நின்றுவிடுவார்கள். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். மனநோய் மாத்திரை கொடுத்தால் விறைப்பு இன்னும் மோசமாகலாம். இப்படி வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பெண்ணாக இருந்தால் சினைப்பையையும் ஸ்கேன் செய்ய வேண்டும். அங்கே இருக்கும் டெரட்டோமா என்ற கட்டி ஆன்டிபாடியைத் தூண்டிவிட்டிருக்கலாம். கட்டியை எடுத்து, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பு சக்தியின் தாக்குதலை அடக்கும் ஊசி மருந்து) எல்லாம் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள், முழுதாகத் தேற ஒன்றிரண்டு வருடம் ஆனாலும்.

சரி, வலிப்பு எதுவும் இல்லாமல் மனநோயாக மட்டும் வராதா? வரும், மிக அரிதாக. இந்த ஆன்டிபாடி நோய் வந்த 571 பேரைப் பார்த்த 2013 ஆய்வில் அப்படி 23 பேர்தான். அதிலும் 18 பேருக்கு அது நோய் திரும்ப வந்தபோது நடந்தது. முதல் தடவையே மனநல அறிகுறி மட்டும் வந்தவர்கள் ஐந்தே பேர்.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. இந்த நோயை உறுதிப்படுத்த முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரைச் சோதிக்க வேண்டும். ரத்தத்தை மட்டும் பார்த்தால் நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ் என்று வரும், நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவ் என்று வரும். இங்கிலாந்தில் முதல் முறை மனநோய் வந்தவர்களைச் சோதித்த 2017 ஆய்வில் சுமார் 3 சதவீதத்தினர் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருந்தது. அவர்களுடைய மனநோய்க்கு அதுதான் காரணமா என்று நிபுணர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. வீட்டு வாசலில் ரத்தம் எடுப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பேனல் விற்றால் அவருக்குக் கமிஷன். இம்யூனோகுளோபுலின் ஐந்து நாள் போட்டால் மருந்துக்கே லட்சக்கணக்கில் ஆகும். ஒரு தாள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியைப் போட்டுக்கொண்டு, மாத்திரையை விட்டு, இரண்டே மாதத்தில் பழைய நிலைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இதைச் செய்பவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. உண்மையிலேயே ஆன்டிபாடி நோய் வந்த பெண் மனநலப் பிரிவில் கிடப்பாள். நரம்பியல் இன்னொரு கட்டடத்தில் இருக்கும். பரிந்துரைச் சீட்டு போய்ச்சேர நாட்கள் ஆகும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கப் பெரிய செலவில்லை, தண்டுவட நீர் எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் "உங்கள் நோயாளி, எங்கள் நோயாளி" என்று தள்ளிவிட்டே வாரங்கள் போகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மாவட்டந்தோறும் அப்படி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு டாக்டர்கள் ஃபோனில் பேசிக்கொண்டாலே போதும்.

உங்கள் தம்பி விஷயத்தில், நோய் எப்படி ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு வேண்டிய தகவல். படிப்பில் கவனம் குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்து, மருந்துக்கும் கேட்டிருந்தால் இந்தப் பேனல் தேவையே இல்லை. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். மாறாக, முதல் மூன்று மாதத்துக்குள் வலிப்பு, கைகால் விறைப்பு, பேச்சு நின்றுபோனது, நினைவு தப்பியது, மாத்திரை ஆரம்பித்ததும் கடும் காய்ச்சலோடு உடம்பு இறுகியது, இவற்றில் எதாவது நடந்திருந்தால் அதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு உங்கள் மனநல மருத்துவரிடம் போய், "நரம்பியல் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர் எதெல்லாம் வேண்டும் என்று அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அதுவரை மாத்திரை அதே அளவில், அதே நேரத்தில் போகட்டும்.