ஏ4 தாளும் பேத்தியின் போனும்

ஐயா,
நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தேவகோட்டை. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு மாத இணைய இதழ் தொடங்கப்போகிறேன். 48 பக்க பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் போகும். ஆறு அறிவுரைக் கட்டுரைகள் தயார். எழுதும் பிள்ளைகளின் படம், பள்ளி, போன் எண்ணும் போடுவேன். மாதிரி இதழைப் பத்தாவது படிக்கும் பேத்தி மூன்று பக்கத்தில் மூடிவிட்டாள். இந்த வயதில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்களா? ‘மொட்டுகள்’ என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள ஆச்சி,

ராயவரத்துக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் உங்கள் ஊர் எழுத்தாளர் தமிழ்வாணனும் இதழ் நடத்தியவர்கள். அந்த மண்ணிலிருந்து இப்படியொரு கடிதம் வந்ததில் மனம் நிறைந்தது. ஆனால் பேத்தியைக் குறை சொல்லாதீர்கள். தப்பு பிடிஎஃப்மேல்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அவள் போன் திரை ஏறக்குறைய 70. நீங்கள் 12 பாயிண்டில் வைத்த எழுத்து அங்கே 4 பாயிண்டாகச் சுருங்கிவிடும். விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். பக்கத்தை இரண்டு பத்தியாகக் கட்டியிருந்தால், அடிவரை இறங்கி மறுபடி மேலேறி வலப்பக்கம் தேடவேண்டும். இத்தனையும் செய்து மூன்று பக்கம் படித்திருக்கிறாள், பாவம்.

ஒவ்வொரு படைப்பையும் தனி வலைப்பக்கமாகப் போடுங்கள். எழுத்து 18 பிக்சல், வரி உயரம் அதைப்போல் 1.7 மடங்கு. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். தமிழ்ச் சொல் நீளம். சின்னத் திரையில் வரிக்கு மூன்று நான்குதான் நிற்கும். இருபக்கமும் நேராக்கினால் நடுவே பொத்தல் பொத்தலாக இடைவெளி விழும். படம் 1200 பிக்சல் அகலம், 150 கேபிக்குள் போதும். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒரு படமே 4 எம்பி. பக்கம் திறப்பதற்குள் பிள்ளை போய்விடும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், எல்லா போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ‘ஔவை’யைத் தேடிப் பாருங்கள். பல இடங்களில் ஒ-வும் பக்கத்தில் ள-வுமாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்கு அது வேறு சொல். சரியாக ‘ஔவை’ என்று தேடுபவருக்கு அந்தக் கட்டுரை கிடைக்காமல் போகலாம்.

போன் எண், பள்ளிப் பெயர், படம் மூன்றும் கூடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டமே இல்லாவிட்டாலும், ஒரு பெண்பிள்ளையின் எண்ணை ஊருக்கெல்லாம் அனுப்பலாமா ஆச்சி? பெயரும் வயதும் போதும்.

ஆறு அறிவுரைக் கட்டுரைகளையும் எடுத்துவிடுங்கள். பள்ளியில் கேட்டது பத்தாதா? ஆத்தங்குடித் தரைக்கல்லை ‘நம் பாரம்பரியம்’ என்று எழுதினால் தள்ளிவிட்டுப் போவார்கள். கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மெருகு எந்திரமே இல்லாமல் அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது என்று 600 சொல்லில் எழுதுங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வைத்து. மாதம் இப்படி நாலு போதும், 48 பக்கம் வேண்டாம்.

பெயரை நீங்களும் நானும் முடிவுசெய்ய வேண்டாம். மொட்டு என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை தோழர்களிடம் காட்டக் கூசும். பேத்தியையும் அவள் வகுப்பில் நாலு பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு. அது முடியட்டும், ஜூனில் தொடங்குங்கள்.