கம்பெனிக்கு ஒரு பிராஞ்ச் வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். நானும் சித்தப்பா மகனும் மட்டும்தான். ஏழு கம்பெனி, ஏழு ஃபோல்டர். ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றதில் செய்ய மறந்துவிடுகிறோம். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கு மாறலாம் என்றிருக்கிறோம். கம்பெனிக்கு ஒரு பிராஞ்ச் வைத்தால் சரியாக வருமா?

பதில்: வராதுங்க. ஃபோல்டரில் இருக்கும் அதே சிக்கல் பிராஞ்சுக்குள் குடியேறும், அவ்வளவுதான். பிராஞ்ச் என்பது கோடின் தனிக் கிளை; கொஞ்ச நாள் பிரிந்திருந்துவிட்டு மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்வதற்கு. கம்பெனி பிராஞ்சுகள் சேரவே சேராது. 2025 செப்டம்பர் 22 அன்று ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியதை நினைத்துப் பாருங்கள். அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, மேலே 18. இந்த ஒரு திருத்தத்தை ஏழு பிராஞ்சிலும் மெர்ஜ் செய்ய (இணைக்க) வேண்டும். நாளாக நாளாக ஒவ்வொன்றிலும் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் மோதும் மாற்றங்கள்) வேறு வேறு இடத்தில் வரும்.

உங்கள் கம்பெனிகளுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்? ஒருவர் டிசியில் (துணியோடு அனுப்பும் டெலிவரி சலானில்) ரோல் எண்ணிக்கை கேட்பார், இன்னொருவர் கிலோ மட்டும் போதும் என்பார். டையிங்கில் கழிக்கும் எடைக் குறைவு சதவீதம் மாறும். பில்லின் தலைப்பு மாறும். இதில் எதுவும் கோடில் இருக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸ் டேபிளுக்குப் போக வேண்டியவை. வரி விகிதமும் அப்படியே, எந்தத் தேதியிலிருந்து என்பதோடு சேர்த்து. அப்போதுதான் பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தால் பழைய விகிதமே வரும்.

மாறுவதற்கு வழி இது: இருப்பதிலேயே புதிதான ஃபோல்டரை முதல் கமிட்டாக (பதிவாக) மெயினில் வையுங்கள். அடுத்த ஃபோல்டரை அதன் மேல் காப்பி செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கிட் டிஃப் பாருங்கள். ஒவ்வொரு வித்தியாசமும் செட்டிங்கா, மறந்துபோன திருத்தமா, வெறும் குப்பையா என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை அவசரமாக முடிக்காதீர்கள். எத்தனை திருத்தங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்பது இங்கேதான் தெரியும்.

அப்புறம், ஒரு கம்பெனியில் நிறுவும்போதெல்லாம் அந்தக் கமிட்டுக்கு 3.2 என்பதுபோல ஒரு டேக் (பெயர்ச் சீட்டு) போடுங்கள். அதே எண் மென்பொருளின் திரையிலும் தெரியட்டும். போனில் குறை சொல்பவரிடம் முதலில் அந்த எண்ணைக் கேட்கலாம். அவரிடம் இருப்பது பழைய 3.2 என்றால், அந்த டேக்கிலிருந்து பிராஞ்ச் எடுத்து, சரிசெய்து, 3.2.1 என்று டேக் போட்டு, மெயினிலும் சேர்த்துவிட்டு, பிராஞ்சை அழித்துவிடலாம். பிராஞ்சுக்கு உங்களிடம் உள்ள நல்ல வேலை இதுதான்.

இணையத்தில் தேடினால் 2010-ல் வின்சென்ட் டிரீசன் எழுதிய கிட் ஃப்ளோ முறை கண்ணில் படும். டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று பல பிராஞ்சுகள். ஒரே நேரத்தில் பல வெர்ஷன்களைத் தாங்க வேண்டிய குழுவுக்கு அது பொருந்தலாம். இரண்டே பேருக்கு டேக் போதும் என்பது என் கருத்து.

கமிட்டுக்கு ஒரே காரணம் இருக்கட்டும். செய்தியைத் தமிழிலேயே எழுதலாம், கிட் ஏற்றுக்கொள்ளும். 'பக் சரி செய்தது' என்று எழுதாமல், 'பாதி ரிட்டர்ன் ஆன துணியைக் கழிக்காததால் டிசியில் கிலோ அதிகம் வந்தது' என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து சித்தப்பா மகன் எந்தக் கமிட்டில் குறை வந்தது என்று கிட் பைசெக்ட் போட்டுத் தேடும்போது அவருக்குப் பதில் கிடைக்கும்.

கம்பெனிகளின் டேட்டாபேஸும் பாஸ்வேர்டும் கிட்டுக்குள் போகவே கூடாது. முதல் கமிட்டுக்கு முன்பே அவற்றை, கிட் தொடக்கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட் இக்னோரில் சேருங்கள். தவறிப் போய்விட்டால் ஃபைலை அழித்தும் பயனில்லை, பழைய கமிட்டில் இருக்கும், பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள். கோடை மட்டும் கிட்ஹப் இணையதளத்தில் பிரைவேட்டாக வையுங்கள். 2020 முதல் எத்தனை பேர் சேர்ந்தாலும் அதற்குக் கட்டணமில்லை. டேட்டாபேஸுக்கு தினசரி பேக்கப் தனியாக வேண்டும்.