யார் யாரை அடிக்கிறார்கள் என்று எண்ணுவது எப்படி?

கேள்வி: சமூகப்பணி முதுநிலை மாணவியான நான், பெற்றோர் மீது பிள்ளைகள் நிகழ்த்தும் வன்முறை குறித்து ஆய்வேடு எழுதுகிறேன். காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அடிப்பவர்கள் பெரும்பாலும் மகன்கள், அடிபடுபவர்கள் பெரும்பாலும் தாய்மார் என்கிறார்கள். மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்தவர்களோ, மகனுக்கும் மகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். அவை அளக்கும் பொருள்தான் வேறு.

லண்டன் பெருநகரக் காவல்துறையின் ஓராண்டுப் பதிவுகளைக் கொண்டு ரேச்சல் காண்ட்ரியும் கேரோலின் மைல்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்றம் சாட்டப்பட்ட 13 முதல் 19 வயதினரில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் ஆண்கள்; பாதிக்கப்பட்ட பெற்றோரில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால், பெற்ற பிள்ளை மீது புகார் கொடுக்க எளிதில் யாருக்கும் மனம் வராது என்பதால், அச்சமோ காயமோ எல்லை மீறிய பிறகு நடந்தவையே பெரும்பாலும் அந்த ஏடுகளில் ஏறுகின்றன. மகனிடம் அடிபட்டதை வெளியே சொல்லக் கூசும் தந்தையும் அதில் விடுபட்டுப்போகிறார்.

வினாத்தாள்களின் குறை வேறு வகையானது. குடும்பத்தினரிடையே நடக்கும் மோதலை அளக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலான ‘மோதல் அளவுகோலின்’ வழியில் வந்தவை, தள்ளியது, அறைந்தது, உதைத்தது என்று செயல்களை எண்ணுகின்றனவே தவிர, அவற்றின் சூழலையும் விளைவையும் போதிய அளவு கேட்பதில்லை. வாக்குவாதத்தில் தாயின் கையைத் தட்டிவிட்ட மகள் ‘ஒருமுறை’ என்று குறிக்கிறாள். கதவைக் குத்தி உடைத்து, அன்று முதல் தாய் தன்னிடம் எதையும் மறுத்துப் பேசாதபடி செய்துவிட்ட மகன், அவரைத் தொடவே இல்லை என்பதால் ‘ஒருமுறையும் இல்லை’ என்று குறிக்கிறான். கூட்டிப் பார்த்தால் மகளே வன்முறையாளர் ஆகிறாள்! ஆகவே, செயலோடு அச்சம், காயம், அதன்பின் வீட்டில் யார் சொல் எடுபடுகிறது ஆகியவற்றையும் கேளுங்கள்.

‘பெற்றோர்’ என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிடாமல், மகன்–தாய், மகன்–தந்தை, மகள்–தாய், மகள்–தந்தை என நான்கு உறவுகளையும் தனித்தனியே பதியுங்கள். தாய்மார் மிகுதியாக அடிபடுவதற்கு, அன்றாடம் பிள்ளையைக் கண்டிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுவதும், பல குடும்பங்களில் அவர்கள் தனித்து வளர்ப்பதும் காரணங்களாக இருக்கலாம். எனவே, யார் எவ்வளவு நேரம் பிள்ளையுடன் இருக்கிறார் என்பதையும் குறிக்காமல் பால்வேறுபாடு பற்றி முடிவு சொல்லாதீர்கள். தந்தை தாயை அடித்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளையா என்ற கேள்வியும் விடுபடக் கூடாது. அதைக் கண்டு வளர்ந்தவர்களில் பலர் யாரையும் அடிப்பதில்லை என்பதால், அதை மட்டுமே காரணமாக்குவதும் தவறு.

தாயையும் பிள்ளையையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் சந்தியுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கேள்வியாகக்கூடக் கொண்டுபோகாதீர்கள். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் நீங்கள் யாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை, ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன்பே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும்.