மண் சுவரில் சிமெண்ட் பூச்சு உப்பி உதிர்கிறதா?

மறுபடி சிமெண்ட் பூசாதீர்கள். உப்பியதை முழுக்கத் தட்டி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்புக் காரை பூசுங்கள்.

மழைக்குப் பிறகு அடியில் இரண்டடி உயரத்துக்குத்தான் உதிர்கிறது என்றால் காரணம் இதுதான். மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே மண் இளகி, பூச்சு தனி ஓடாகப் பிரிகிறது. கொத்தனார் கலவையைக் குறை சொல்வார், நம்பாதீர்கள்.

பூச்சை எடுத்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அந்த மண்ணையும் சுரண்டி, வைக்கோல் கலந்த மண்ணால் அடைக்க வேண்டும். ஆழமாக இளகியிருந்தால் பொறியாளர் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். கூரைப் பாரம் அந்தச் சுவரில்தான்.

இன்னொன்று, கூரைத் தண்ணீர் சுவரடியில் தெறித்தால் சுண்ணாம்பும் நிற்காது. இறவாரத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்தை, முதலில் நீட்டுங்கள்.