உடலுழைப்பும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும்: எந்த வேலை சரிவரும்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறையிலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) வரை படித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். ஆர்டர் எப்போது வரும், எங்கே போகவேண்டும் என்று தெரியாமலே நாள் ஓடுகிறது, அலுத்துவிட்டது. ஆபீசில் உட்காரவும் என்னால் முடியாது. உடம்பு அசையவேண்டும், ஆனால் நாளைய வேலை இன்றே தெரியவேண்டும். 'ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் எப்படி முன்னுக்கு வருவாய்?' என்று வீட்டில் கேட்கிறார்கள்."

தம்பி, உங்கள் சுபாவத்தில் குறை எதுவும் இல்லை. முறை தவறாமல் வேலை செய்கிறவர்களைத் தேடும் இடங்கள் பினாங்கில் நிறைய உண்டு. வேலையின் பெயரை மட்டும் பார்க்காமல் ஷிப்ட் அட்டவணையையும் பாருங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்வோம். மெஷின் முன்னால் செய்கிற வேலை தினமும் ஒன்றுதான். ஆனால் பல இடங்களில் 12 மணி நேர ஷிப்ட். பகலும் இரவும் மாறி மாறி வரும். வேலை மாறாவிட்டாலும் சாப்பாடும் தூக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய தொல்லை.

டெக்னிசியன் வேலையிலும் இரண்டு வகை உண்டு. பழுதானதும் ஓடிப்போய்ச் சரிசெய்வது ஒன்று. இப்போது நீங்கள் படும் அவஸ்தை அதிலும் இருக்கும். தேதி குறித்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஏர்கோன் வடிகட்டியைக் கழுவி, பெல்ட்டைப் பார்த்து, அளவுகளைக் குறித்துக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. சில கம்பெனிகளில் இரண்டையும் ஒரே ஆள் செய்யவேண்டியிருக்கும், முன்பே கேட்டுவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு வேலையையும் சொல்கிறேன்: மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு. பயன்படுத்திய கத்திரி, இடுக்கி எல்லாம் தட்டோடு வரும். கழுவி, உலர்த்தி, விளக்கடியில் மூட்டு மூட்டாகப் பார்த்து, பட்டியல்படி அடுக்கி, உறை போட்டு, 134 டிகிரி நீராவியில் வைக்கவேண்டும். வெளியே எடுத்ததும் உறையின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டே செய்யும் வேலை. கனமான தட்டுகளையும் தூக்கவேண்டும். ஒரு படியைத் தாண்டினாலும் நோயாளிக்கு ஆபத்து. முறையை மாற்ற மனம் வராதவர்தான் இங்கே நல்ல பணியாளர். இதைவிட மரியாதையான வேலை உங்கள் சுபாவத்துக்கு எனக்குத் தோன்றவில்லை.

தினமும் ஒரே வட்டாரத்தில் சுற்றும் தபால்காரர் வேலையும் பார்க்கலாம். மோட்டார் பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஷிப்ட் நிலையானதா, சுழலுமா? அட்டவணை எத்தனை நாள் முன்னால் கைக்கு வரும்? ஆள் குறைந்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவீர்களா? 2023 ஜனவரி 1 முதல் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். வாரத்தில் ஒருநாள் ஓய்வும் உண்டு. ஓவர்டைம் கட்டாயமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடிக்காத இடமென்றால் வேண்டாம்.

அப்புறம், வீட்டார் கேட்ட கேள்வி. அன்றாட வேலை ஒன்றாகவே இருக்கட்டும், சான்றிதழ் மேலே ஏறலாம். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம்மில் 1 முதல் 3 வரை படிகள் உண்டு, அதற்குமேல் டிப்ளோமா. ஏர்கோன், மின்சாரம் இரண்டுக்கும் இந்தப் பாதை இருக்கிறது. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, பிறையிலிருந்து தூரமில்லை. ஒருநாள் நேரில் போய், அடுத்த சேர்க்கை எப்போது, உங்கள் எஸ்பிஎம் முடிவுக்கு என்ன பயிற்சி கிடைக்கும் என்று கேட்டு வாருங்கள். வீட்டாரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.