வேலையை விடாமல் வயலின்: கோத்தகிரி நண்பருக்கு

தேயிலை ஃபாக்டரி ஷிஃப்ட், இரண்டு குழந்தைகள், இரவில் வாசித்தால் பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு. வேலையை விட்டுவிடலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கல்யாணக் கச்சேரியை நம்பினால் ஆடியிலும் மார்கழியிலும் வரும்படி நின்றுவிடும். முதலில் ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகச் சேரட்டும்.

இரவில் வாசிக்க, வயலின் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் கனமான ரப்பர் மியூட் மாட்டுங்கள், சத்தம் வெகுவாக அடங்கும். தினம் 40 நிமிடம் போதும்: 10 நிமிடம் சரளி வரிசை எனும் அடிப்படைப் பயிற்சி, மூன்று வேகத்திலும்; 20 நிமிடம் வர்ணம் எனும் பயிற்சி உருப்படியில் தடுக்கும் இடம் மட்டும்; மீதி கீர்த்தனை. பலரும் முழு வர்ணத்தையே ஓட்டுகிறார்கள். தடுக்கிற இடம் அப்படியே கிடக்கும்.

கச்சேரிக்கு மலையடிவார மேட்டுப்பாளையம் இறங்கினால், மலை ஈரத்தில் உப்பிய பிருடை (தந்தியை முறுக்கும் மரத் திருகு) வெயிலில் சுருங்கி வழுக்கும். ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பெட்டியை நிழலில் திறந்து வைத்து, பிருடையை உள்ளே அழுத்தியபடியே திருப்பிச் சுருதி சேருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு கச்சேரி மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், விரல் பேச்சுக் கேட்காது.