ப்ரீசெட் போட்டா ஸ்டைல் வந்துடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டு மூணு வருஷமா தெருவுல போட்டோ எடுத்துட்டு இருக்கேன் சார். எல்லா படத்துக்கும் ஒரே ப்ரீசெட்தான் (எடிட்டிங்ல முன்னாடியே சேமிச்சு வச்ச கலர் செட்டிங்) போடுறேன், கலர் எல்லாம் ஒரே மாதிரி அழகா வருது. ஆனா பேரை மறைச்சு காட்டினா இது நான் எடுத்ததுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எங்க தப்பு?

பதில்: ப்ரீசெட்ங்கிறது படம் எடுத்து முடிச்சப்புறம் மேல பூசுறது. நீங்க எங்க நின்னீங்க, எப்போ அமுக்குனீங்க, ஃப்ரேமுக்குள்ள எதை விட்டீங்க, எதை வெளிய தள்ளுனீங்க, இதுல எதையும் அது மாத்தாது. ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உங்க படத்துல ஒரு 40ஐ எடுத்து கலரை மொத்தமா உருவிடுங்க, கான்ட்ராஸ்ட்டையும் சாதாரணமா வச்சுட்டு சின்ன சின்னதா ஒரே திரையில பக்கத்துப் பக்கத்துல பரப்புங்க. இப்பவும் எல்லாம் ஒரே ஆள் எடுத்த மாதிரி தெரியுதா? அலெக்ஸ் வெப்னு ஒரு போட்டோகிராஃபர், கலருக்குப் பேர் போனவர், ஆனா அவர் படத்துல கலரை எடுத்துட்டாலும் அவரோடதுன்னு தெரியும், ஏன்னா முன்னாடி ஒரு ஆள் நடுவுல ரெண்டு பேர் பின்னாடி வாசல்ல இன்னொருத்தர்னு அடுக்கடுக்கா இருக்கும், ஒருத்தரை ஒருத்தர் மறைக்காம, நடுவுல கடும் வெயிலோட நிழல் கறுப்பா வெட்டிட்டுப் போகும். இன்னொரு தெரு போட்டோகிராஃபர் ப்ரூஸ் கில்டன் படம்னா முகத்துக்குக் கைக்கெட்டுற தூரத்துல ஃப்ளாஷ் அடிச்சிருக்கும். இது ரெண்டுமே ஷட்டர் விழறதுக்கு முன்னாடி முடிவானது.

என்னைக் கேட்டா ஸ்டைல்ல முதல்ல பார்க்க வேண்டியது தூரம்தான். நீங்க மனுஷங்ககிட்ட இருந்து எத்தனை அடி தள்ளி நிக்கும்போது உங்க மனசுக்கு சரியா இருக்கு? அது உங்க சுபாவத்துல இருந்து வர்றது, யார்கிட்டயும் கடன் வாங்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கணும்னா ஜூமைக் கழட்டி வச்சுட்டு ஒரே லென்ஸோட ஆறு மாசம் இருங்க. பெரிய தெரு போட்டோகிராஃபர்கள்ல கார்த்தியே ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 எம்எம், கேரி வினோகிராண்ட் 28 எம்எம் (எண் குறைஞ்சா ஃப்ரேம்ல அதிக இடம் அடங்கும்). ஒரே லென்ஸ்ல பழகிட்டா கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடியே ஃப்ரேம் எங்க முடியும்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடும், கால் தானா சரியான இடத்துக்குப் போயிடும், ஜூம் வச்சிருந்தா அந்தக் கால் பழகவே பழகாது.

கேள்வி: எல்லாரும் கிட்ட போ கிட்ட போன்னு சொல்றாங்க. நான் கூச்ச சுபாவம். எனக்கு இது சரிப்படாதா?

பதில்: நல்லா சரிப்படும். நீங்க சால் லைட்டர் படங்களைப் பாருங்க. நியூயார்க்ல வாழ்ந்தவர், ஓவியரும்கூட, 1940கள் கடைசியில இருந்தே கலர்ல எடுத்தவர். தூரத்துல இருக்கிறதைக் கிட்ட காட்டுற டெலிஃபோட்டோ லென்ஸை மாட்டிட்டு, ஆவி படிஞ்ச கண்ணாடி வழியா, மழைத்தண்ணி வழியுற ஜன்னல் வழியா எடுத்திருப்பார், சில படத்துல முக்கால்வாசி ஃப்ரேம் வெறும் கறுப்புப் பலகையா இருக்கும், கீழ ஒரு கீத்துல மட்டும் ஆள் நடக்கும். அவரோட கலர் படங்க பெருசா வெளிய தெரிஞ்சது 2006ல புத்தகம் வந்தப்புறம்தான், அப்போ வயசு 80 தாண்டியாச்சு.

ஆனா ஒண்ணு. எதிர்ப்பக்கம் ஒளிஞ்சு நின்னு பெரிய லென்ஸ்ல ஒரு முகத்தை மட்டும் பிடுங்குறது வேற. லைட்டர் படத்துல நடுவுல இருக்கிற கண்ணாடியும் தண்ணியும்தான் படமே. தூரத்துல நிக்கிறீங்கன்னா அந்த தூரத்துல என்ன இருக்குன்னு காட்டுங்க.

பக்கத்துல போய்ப் பார்க்கணும்னு ஆசை இருந்தா ஜோன் ஃபோகஸ் கத்துக்கோங்க, அதாவது ஃபோகஸை முன்கூட்டியே ஒரு தூரத்துல நிறுத்தி வைக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவுல (சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு இருக்கிறது) 28 எம்எம் லென்ஸோட துவாரத்தை எஃப் 8ல வச்சு ஃபோகஸை இரண்டரை மீட்டர்ல நிறுத்திட்டா, கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர்ல இருந்து பத்து மீட்டர் வரைக்கும் ஷார்ப்பா விழும். ஃபோகஸ் தேடி முழிக்க வேண்டியதில்ல, எடுத்துட்டு சிரிச்சுட்டு நகரலாம். யாராவது வேணாம்னா அழிச்சுடுங்க, அதுல வாதாடாதீங்க.

கேள்வி: கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?

பதில்: படத்தோட விஷயம் கலர்ல இருக்கா வெளிச்சத்துல இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் போட்டோகிராஃபர் ரகுபீர் சிங் கலரை விடவே இல்ல, ஃபான் ஹோவோட பழைய ஹாங்காங் படங்க வெளிச்சமும் நிழலும் மட்டுமே. கலர் கசகசன்னு இருக்குன்னு கடைசியில கறுப்பு வெள்ளையா மாத்துறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். முயற்சி பண்ணணும்னா ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடுத்துட்டு கேமரா திரையை மட்டும் மோனோக்ரோம்ல, அதாவது கறுப்பு வெள்ளையில போடுங்க, கண்ணு அப்படியே பார்க்கப் பழகும், கலரும் ஃபைல்ல பத்திரமா இருக்கும்.

கேள்வி: பிடிச்ச போட்டோகிராஃபர் மாதிரியே எடுக்குறது தப்பா?

பதில்: இல்லவே இல்ல, நல்லா எடுங்க. ஒருத்தரோட நிறுத்தாம ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வராத ரெண்டு பேரைப் பிடிச்சுக்கோங்க, ஜப்பான் போட்டோகிராஃபர் டைடோ மொரியாமாவோட சொரசொரப்பும் லைட்டரோட மென்மையும் மாதிரி. ரெண்டையும் சேர்த்து செய்ய முடியாம திணறுற இடத்துல உங்களுடையது ஏதாவது வரும்.

கேள்வி: நிறைய எடுக்குறேன், எதை வச்சுக்கறது எதை விடறதுன்னு தெரியல. லைக் வர்றதைத்தான் எடுத்து வைக்கிறேன்.

பதில்: இந்த மாசம் வந்ததுல இதான் முக்கியமான கேள்வி. லைக்கை வச்சு தேர்ந்தெடுத்தா மத்தவங்க ஏற்கனவே பார்த்துப் பழகின படம்தான் மிஞ்சும், உங்களுக்கே உரிய விநோதமான படம் எல்லாம் குப்பைக்குப் போயிடும். ராபர்ட் ஃப்ராங்க்னு ஒரு போட்டோகிராஃபர் 1955-56ல அமெரிக்காவைச் சுத்தி எடுத்தது 27 ஆயிரத்துக்கும் மேல, புத்தகத்துல வந்தது 83. அவரோட ஸ்டைல்னு நாம இன்னைக்கு சொல்றதுல பாதி அந்தக் கழிச்சுக்கட்டுறதுலதான் நடந்துச்சு. வினோகிராண்ட் ஃபிலிமை வேணும்னே மாசக்கணக்குல, சில சமயம் வருஷத்துக்கும் மேல கழுவாம போட்டு வைப்பாராம், எடுத்த அன்னைக்கு இருந்த சந்தோஷம் தேர்வுல கலந்துடக் கூடாதுன்னு. 1984ல அவர் இறந்தப்போ கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 இருந்துச்சு, அந்த அளவுக்கு நீங்க போக வேணாம், ஆனா எடுத்த அன்னைக்கே போஸ்ட் பண்றதை நிறுத்துங்க.

அப்புறம் ஒரு 100 படத்தை சின்ன சைஸ்ல பிரிண்ட் போடுங்க, போன்ல பார்க்குறது போதாது. தரையில பரப்பி 20ஆ குறைங்க. எது உள்ள வந்துச்சோ அதுல திரும்பத் திரும்ப வர்றது என்னன்னு தேடுங்க, முதுகு காட்டி நிக்கிறவங்களா, கைகளா, ஃப்ரேம் ஓரத்துல வெட்டுப்பட்ட ஆளா, காத்துட்டு இருக்கிறவங்களா. அழகுன்னு நினைச்சு எடுத்து எந்த உறுத்தலும் இல்லாம தூக்கிப் போட்டது என்னன்னும் பாருங்க, அடுத்த தடவை அதுக்கு கேமராவைத் தூக்க வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சு அதே 100ஐயும் திரும்பப் பரப்புங்க. போன தடவை ஒதுக்குனதுல ஒண்ணு ரெண்டு இப்போ உள்ள வரும், அதோட பின்பக்கம் தேதி போட்டு ஏன் இப்போ உள்ள சேர்த்தீங்கன்னு ஒரு வரி எழுதி வைங்க.